சினமன் ரோலைத் திருப்பிக் கொடுத்தவன்

7

ப்ளாட் சமவெளி கொள்கை மையம் என்று பெயர் மட்டும்தான் பெரிது. உள்ளே மூன்று மேஜை, ஒரு பிரின்டர், அந்த பிரின்டர் மக்கர் பண்ணினால் தட்டுவதற்கு ஒரு பழைய பூட்ஸ். லிங்கன் நகரத்துப் பிப்ரவரிக் குளிர் ஜன்னல் இடுக்கு வழியாக நுழைந்து, வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.

டோபின் தன் பாஸின் காதைக் கடித்தான். "இத்தனூண்டு ஆபீஸை மூட இவ்ளோ பெரிய சதியா பாஸ்? ஹீட்டரைக் கழட்டிட்டுப் போனாலே மூடிடுவாங்களே."

"வாயை மூடுடா."

இர்மா வாசெக் இருபது வருடம் நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் காவல் வேலை பார்த்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவள் முகத்தில் ஒரு சுருக்கம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அந்தச் சுருக்கம் இப்போது எதிரே உட்கார்ந்திருந்த வெர்னா கோல்டர்மன் பக்கம் திரும்பியது. வெர்னா இந்த மையத்தின் இயக்குநர். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். ஆனாலும் முதுகு மட்டும் அடித்து நட்ட வேலிக்கம்பம் மாதிரி நேராக இருந்தது.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் இர்மா.

"மத்தியானம் ஒன்றரைக்கு எங்க மசோதா கமிட்டி முன்னாடி வருது. கிராமத்துக் கிணறுகளை அரசாங்கம் சோதிக்கணும். தண்ணியில உரத்துல இருந்து இறங்குற நைட்ரேட் விஷம் இருந்தா வீட்டுக்கு ஃபில்டர் கொடுக்கணும். செலவு உரம் விக்கிறவங்க தலையில. நான்தான் முக்கியமான சாட்சி. ரெண்டு வருஷமா கிணறு கிணறா அலைஞ்சு சேர்த்த கணக்கு என் கையில இருக்கு."

"வில்லங்கம்?"

"போன மாசம் நிதி திரட்ட நாங்க வச்ச சில்லி விருந்துல லைல் வீஸ்னு ஒருத்தர் நாப்பதாயிரம் டாலர் கொடுத்தார். விவசாயின்னார். நேத்து பத்திரிகையில இருந்து மாரீன் போன் பண்றா, 'அவன் விவசாயி இல்ல, டென்வர்ல ஃபில்டர் கம்பெனி சேல்ஸ்மேன். ஃபில்டர்காரன் காசை வாங்கிட்டு ஃபில்டர் மசோதா கொண்டு வர்றீங்களா?'ன்னு."

டோபின் விசில் அடித்தான். "அதாவது, பல் டாக்டர் காசுல சாக்லேட் கொடுக்கிற மாதிரி."

"காசைக் காலையிலேயே திருப்பி அனுப்பிட்டேன்" என்றாள் வெர்னா. "பத்து டாலர் கொடுத்தவங்க பேரைக்கூட நாங்க வெளியில போடுவோம். எந்தச் சட்டமும் கேக்கல, நாங்களா போடுறோம். யார் கொடுத்ததுன்னு சொல்ல வெக்கப்படுற காசு இந்த வாசப்படி ஏறக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணினது. இப்ப அதே வாசப்படியில என்னை வழுக்கி விட்டிருக்கான். எங்க பாதிச் செலவைப் பாக்குற ஹால்வர்சன் அறக்கட்டளை கறாரா சொல்லிடுச்சு. 'இந்த மசோதாவை விட்டு ஒதுங்கு. இல்லன்னா அடுத்த வருஷ நிதி கிடையாது.'"

"நீ சாட்சி சொல்லலைன்னா மசோதா செத்துடும், சொன்னா மையம் செத்துடும். அதானேம்மா?"

கடைசியாகப் பேசியது ஹீட்டர் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர். ராயல் ஸ்டெஃபன்ஸ். மையத்தின் போர்டு தலைவர். வெள்ளை முடி, நீல டை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் முதல் வரிசையில் உட்காரவைக்கத் தோன்றும் முகம்.

"எல்லாம் என் தப்பு" என்று கையைப் பிசைந்தார். "லைலைக் கூட்டிட்டு வந்ததே நான்தான். வில்லோ ஃபோர்க்ல நானும் அவனும் பன்னண்டு வருஷம் ஒரே ஸ்கூல். ஒரே மேஜையில சாப்பிட்டவங்க. ஊர்ல பண்ணை பாக்குறேன்னான், நம்பிட்டேன். எப்ப டென்வருக்கு ஓடினான், எப்ப ஃபில்டர் விக்க ஆரம்பிச்சான், எனக்கு என்னம்மா தெரியும்? நான் சொல்றதைக் கேளு. இன்னிக்குப் போகாதே. கமிட்டித் தலைவர் டெசாரும் எங்க ஊர்க்காரன்தான், இந்த மசோதாவுக்குப் பரம எதிரி. உன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவான்."

வெர்னா பிரின்டரைப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள்.

"லைல் இப்ப எங்க?" இர்மா கேட்டாள்.

"வடக்கே ஹைவே ஓரத்துல ஒரு மோட்டல் சொன்னான். இன்னும் இருக்கானோ என்னவோ" என்றார் ராயல்.

"டோபின், வண்டியை எடு."

* * *

பிக்கப் வண்டி ஹைவேயைப் பிடித்தது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்காடு, மழிக்காத தாடி மாதிரி கட்டைகட்டையாக நின்றது. காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வந்தது.

"எனக்கு லைலைத் தெரியும் பாஸ்" என்றான் டோபின்.

"என்னடா சொல்ற?"

"தெரியும்னா, அந்த விருந்துல எதிர்ல உட்கார்ந்திருந்தார். லூத்தரன் சர்ச் பேஸ்மென்ட்ல."

"நீ எதுக்கு அங்க போன? கிணத்துத் தண்ணி மேல திடீர்னு பாசமா?"

"எட்டு டாலருக்கு எவ்ளோ வேணா சாப்பிடலாம்னு போர்டு போட்டிருந்தான் பாஸ். பாசம் தானா வந்துடுச்சு."

"ஆள் எப்படி?"

"தங்கமான மனுஷன். சேல்ஸ்மேனாவே இருக்கட்டுமே, மனசு பெரிசு. ராயல் பெரியவர் மைக்கைப் பிடிச்சு, 'இவன் என் பள்ளிக்கூடத் தோழன், வில்லோ ஃபோர்க் மண்ணு'ன்னு சொன்னதும் மொத்த ஹாலும் கைதட்டுச்சு. அப்புறம் சாப்பிட உட்கார்ந்தோம். தட்டைப் பார்த்தார். பரிமாறின அம்மாவைக் கூப்பிட்டு, 'இந்த ஸ்வீட் தப்பா என் தட்டுக்கு வந்துடுச்சுங்க, கறிக் கிண்ணத்துக்குப் பக்கத்துல வச்சுட்டீங்க'ன்னு சினமன் ரோலைத் திருப்பிக் கொடுத்தார். அந்தம்மா பேய் அறைஞ்ச மாதிரி நின்னாங்க. நான் 'வீணாகக் கூடாது'ன்னு கையை நீட்டி..."

வண்டி கிறீச்சிட்டு நின்றது. டோபினின் நெற்றி டாஷ்போர்டுக்கு முத்தம் கொடுத்தது.

"என்ன பாஸ், மான் குறுக்க வந்துச்சா?"

இர்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள். முகத்தில் இருந்த அந்த நிரந்தரச் சுருக்கம் மெல்ல மெல்லச் சிரிப்பாக மாறிக்கொண்டிருந்தது. டோபினுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். அது வந்தால் யாரோ ஒருவருடைய நாள் கெட்டுப்போகும்.

"ரோலைத் திருப்பிக் கொடுத்தானா?"

"ஆமா பாஸ். ஓரத்துல இருந்த ரோல். ஐசிங் நல்லா வழிஞ்சு..."

"இதை ஏண்டா ஒரு மாசமா சொல்லல?"

"கேட்டா பங்கு கேப்பீங்களோன்னு."

இர்மா வண்டியை ஒரே வெட்டில் திருப்பினாள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே அவள் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனான்.

"மோட்டல் அந்தப் பக்கம் பாஸ்!"

"லைல் வேண்டாம். அவன் வேலை முடிஞ்சுபோச்சு. ராயலுக்கு போன் போடு. சட்டமன்றத்துக்கு எதிர்ல இருக்கிற டைனருக்கு வெர்னாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பேசலாம்னு சொல்லு."

"கேஸ் நடுவுல சாப்பாடா?" டோபின் நெற்றியைத் தடவினான். "கடைசியில என்னைப் புரிஞ்சுக்கிட்டீங்க பாஸ்."

* * *

"என்ன கண்ணு, என்ன வேணும் எல்லாருக்கும்?" பரிமாறும் அம்மா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள்.

"நாலு சில்லி" என்றாள் இர்மா.

வந்தது நாலு கிண்ணம். பீன்ஸும் மாட்டுக்கறியும் கொதித்துக் கெட்டிப்பட்ட சில்லி, ஆவி பறந்தது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சினமன் ரோல், பட்டைத்தூள் தூவிச் சுருட்டிய இனிப்பு பன், மேலே வெள்ளை ஐசிங். யாரும் ரோல் கேட்கவில்லை. யாரும் கேட்பதும் இல்லை. இட்லி கேட்டால் சட்னி வருகிற மாதிரி, நெப்ராஸ்காவில் பள்ளிக்கூடத்திலிருந்தே சில்லியோடு அது பாட்டுக்கு வரும்.

வெர்னா ஸ்பூனைத் தொடவில்லை. ராயல் நாப்கினை மடியில் விரித்து, பேச்சுவாக்கில் ரோலைப் பிய்த்து, சில்லியில் முக்கி, வாயில் போட்டார். கண்ணைக் கூட அந்தப் பக்கம் திருப்பவில்லை. கைக்கே வழி தெரிந்திருந்தது.

இர்மா ரசித்துப் பார்த்தாள். "ஸ்கூல் பழக்கம் போகாது, இல்ல?"

"எப்படிப் போகும்? வியாழக்கிழமைன்னா சில்லி. மூணாவது பீரியட்ல இருந்தே வாசனை வரும்."

"லைலும் அதே மேஜையா?"

"நேர் எதிர்ல." ராயல் சிரித்தார். "அவன் ரோலை முடிச்சுட்டு என் ரோலையும் பிடுங்கித் தின்னுடுவான், கடன்காரன்! வாத்தியார்கிட்ட எத்தனை தடவை மாட்டியிருக்கோம் தெரியுமா?"

"டோபின்" என்றாள் இர்மா, மெதுவாக. "அன்னிக்கு சர்ச்ல லைல் ரோலை என்ன பண்ணினார்னு பெரியவருக்குச் சொல்லு."

டோபினுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

ராயலின் கை கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது. விரல் இடுக்கில் இருந்த ரோல் துண்டிலிருந்து ஐசிங் சொட்டியது. நீல டை மேல் ஒரு வெள்ளைப் பொட்டு.

"மனுஷன் ஊரை மறக்கலாம்" என்றாள் இர்மா. "பொண்டாட்டி பிறந்தநாளை மறக்கலாம், உதைதான் வாங்குவான். ஆனா சில்லி பக்கத்துல ஸ்வீட் எப்படி வந்துச்சுன்னு கேக்குறவன் நெப்ராஸ்கா பள்ளிக்கூடத்துல ஒரு வேளை கூடச் சாப்பிட்டதில்ல. லைல் வில்லோ ஃபோர்க்கை மேப்ல கூடப் பார்த்திருக்க மாட்டான். அப்ப பன்னண்டு வருஷம் எதிர்ல உட்கார்ந்து உங்க ரோலைத் தின்னது யாரு சார், பேயா?"

"வயசாச்சு... வேற யாரையோ நினைச்சு..."

"மைக் பிடிச்சுச் சொன்னீங்க. ஹாலே கேட்டுச்சு. டென்வர் சேல்ஸ்மேனுக்கு, 'மசோதா ஜெயிச்சா உன் ஃபில்டர் விக்கும், கொஞ்சம் காசு போடு'ன்னு ஆசை காட்டி, விவசாயி வேஷம் போட்டுக் கூட்டிட்டு வந்தது நீங்க. காசு உள்ளே விழுந்ததும் மாரீனுக்கு போன் பண்ணினதும் நீங்க. சரியா?"

ராயல் நாப்கினால் வாயைத் துடைத்தார். துடைத்து முடித்தபோது அந்தக் கல்யாண முகம் காணாமல் போயிருந்தது.

"என்ன பண்ணுவ? ஒரு ரோலை வச்சு கேஸ் போடுவியா?"

"ராயல்." வெர்னாவின் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் டோபினுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "இந்த மையத்தை ஆரம்பிச்சதே நீங்க. என்னை வேலைக்கு எடுத்ததும் நீங்க. எதுக்கு?"

"எதுக்கா? வருஷக்கணக்கா பேப்பர் அடிச்சு அடிச்சு செனட்டர் மேஜையில வச்சோமே, அதுல காபிக் கோப்பை வச்சதைத் தவிர வேற என்ன பண்ணினான்? உர வியாபாரிகள் சங்கத்துக்காரன் கூப்பிட்டுத் தலைவர் நாற்காலி தர்றான். அங்க ஒரு போன் பண்ணினா மசோதா அப்படியே நின்னுபோகும். நான் ஜெயிக்கிற பக்கம் ஒரு தடவையாவது உட்காரணும்மா, அவ்வளவுதான்." எழுந்தார். "நீ போர்டோட சம்பளக்காரி. இன்னிக்கு மையத்தோட பேரைச் சொல்லி அந்த நாற்காலியில உட்கார்ந்தா, சாயங்காலம் உனக்கு வேலை இல்ல."

வெர்னா தன் கோட்டில் குத்தியிருந்த மையத்தின் பேட்ஜைக் கழற்றினாள். ராயலின் கிண்ணத்துக்குப் பக்கத்தில், பாதி தின்ற ரோல் மேல் வைத்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? இப்பவே எடுத்துக்கோங்க. மையத்தோட பேரைச் சொல்ல மாட்டேன்."

"அப்ப யார் பேரைச் சொல்லுவ?"

வெர்னா அதற்குள் கதவைத் தாண்டியிருந்தாள். டோபின் தொடாத ரோல் ஒன்றை நாப்கினில் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பரிமாறும் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"பில்லு பெரியவர்கிட்ட கண்ணு. தலைவராகப் போறார்."

* * *

கமிட்டி அறையில் மூச்சு விட இடமில்லை. பின்னால் உர வியாபாரிகள் சங்கத்துக் கோட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூன்றாவது வரிசையில் அவர்களுக்கு நடுவே ராயல், கையைக் கட்டிக்கொண்டு. பத்திரிகை மேஜையில் மாரீன், பேனாவும் கையுமாக. மேலே நடுநாயகமாக செனட்டர் டெசார். மாட்டுப் பண்ணைக்காரர். முகம் வெயிலில் காயப்போட்ட தோல். இர்மாவும் டோபினும் சுவரோரம் நின்றார்கள்.

சாட்சி மேஜையில் மூன்று விளக்கு. பச்சை எரிந்தால் பேசலாம். மஞ்சள் எரிந்தால் அவசரப்படலாம். சிவப்பு எரிந்தால் எழுந்து போய்விட வேண்டும், கவர்னராக இருந்தாலும் சரி. அதற்குப் பிறகு யாராவது ஒரு செனட்டர் கேள்வி கேட்டால் மட்டும்தான் வாயைத் திறக்கலாம்.

"பேரு? யார் சார்பா வந்திருக்கீங்க?" என்றார் டெசார், நிமிராமல்.

"வெர்னா கோல்டர்மன். ரெண்டாவது சபை சார்பா."

டெசார் நிமிர்ந்தார். இந்த மாநிலத்துச் சட்டமன்றத்தில் இருப்பது ஒரே சபை. இரண்டாவது சபை ஜனங்கள்தான் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்து விடுவார்கள். அதைச் சொல்லிக்கொண்டு இந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள், பின்னால் எந்த ஆபீஸும் இல்லாதவர்கள்.

பச்சை எரிந்தது.

"நாளைக்குப் பேப்பர்ல வரப்போறதை நானே இன்னிக்குச் சொல்லிடுறேன்" என்றாள் வெர்னா. "ஃபில்டர் விக்கிற ஒருத்தன் காசு எங்க மையத்துக்குள்ள வந்துச்சு. தெரியாம வாங்கினேன். தெரிஞ்சதும் திருப்பி அனுப்பினேன். என் மேஜையில இருக்கிற ஒவ்வொரு டாலரும் யாருதுன்னு நான் சொல்லுவேன். பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களும் அவங்க காசு யாருதுன்னு சொல்லட்டும். நான் காத்திருக்கேன்."

பின்வரிசைக் கோட்டுகள் நெளிந்தன. மாரீனின் பேனா ஓட ஆரம்பித்தது.

"அந்த ஆளை விவசாயின்னு சொன்னாங்க, நம்பினோம். எங்க விருந்துல சில்லி சாப்பிட உட்கார்ந்தான். சினமன் ரோலைப் பார்த்துட்டு, தப்பா வந்துடுச்சுன்னு திருப்பிக் கொடுத்தான். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியல, அது என் முட்டாள்தனம். ஆனா கிணத்துல இருக்கிற விஷம் என் முட்டாள்தனத்தால நல்ல தண்ணி ஆகிடாது. அந்தக் கிணறுகள்ல..."

சிவப்பு எரிந்தது.

வெர்னா நிறுத்தினாள். மேஜை மேல் இருந்த அவள் போன் அதிர்ந்தது. திரையில் ஹால்வர்சன் அறக்கட்டளை என்று டோபினுக்கே தெரிந்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"உறுப்பினர்களுக்குக் கேள்வி இருக்கா?" டெசார் இடது பக்கம் பார்த்தார். ஒருவர் பேப்பர் புரட்டினார். வலது பக்கம் பார்த்தார். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ராயல் முகத்தில் மெல்ல அந்தக் கல்யாணக் களை திரும்பிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது பாஸ்" என்று டோபின் முணுமுணுத்தான்.

"பொறுடா. டெசார் மூஞ்சியைப் பாரு."

டெசார் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "எனக்கு ஒரு கேள்வி. ரோலைத் திருப்பியா கொடுத்தான்?"

"ஆமா செனட்டர்."

"சாப்பிடாமயே?"

"தொடக்கூட இல்ல."

அறையில் ஒரு சிரிப்பு கிளம்பி, டெசார் முகத்தைப் பார்த்ததும் பாதியில் செத்தது.

"எந்த ஊர்னு சொல்லிக்கிட்டான்?"

"வில்லோ ஃபோர்க்."

செனட்டரின் காது மடல் சிவந்தது. "எங்க ஊரு? எங்க ஸ்கூல்ல அந்த ரோலைச் செஞ்சது எங்கம்மா, தெரியுமா? அந்த ரோலுக்காக மூக்கை உடைச்சுக்கிட்டவங்க இருக்காங்க எங்க ஊர்ல. யாரு சொன்னது அவன் வில்லோ ஃபோர்க்குன்னு?"

வெர்னா திரும்பினாள். விரலை நீட்டவில்லை.

"மூணாவது வரிசை. நீல டை. டையில இன்னும் ஐசிங் ஒட்டியிருக்கு."

மொத்த அறையும் திரும்பியது. ராயலின் கை தன்னை அறியாமல் டையை மூடியது. மூடியதுதான் தப்பு. இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த கோட்டுகள், ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்த மாதிரி, ஆளுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தன. மாரீன் ஒரு பக்கத்தைப் புரட்டி, புதுப் பக்கத்தில் புதிதாக எழுத ஆரம்பித்தாள்.

டோபின் பாக்கெட்டில் கையை விட்டான்.

"டேய், இங்க சாப்பிடக் கூடாது" என்றாள் இர்மா.

"சாப்பிட இல்ல பாஸ். சாட்சியைப் பத்திரமாப் பிடிச்சுக்கிறேன்."

டெசார் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நான் இந்த மசோதாவுக்கு எதிரி. நாளைக்கும் எதிரிதான். உங்களுக்கு ஓட்டுப் போடுவேன்னு கனவு காணாதீங்க."

"காணல செனட்டர்."

"ஆனா நான் கேட்ட கேள்விக்கு நீங்க இன்னும் முழுசாப் பதில் சொல்லல." விளக்கை அணைக்கப் போன குமாஸ்தாவைக் கையால் தடுத்தார். "கிணறுகள்ல என்ன இருக்குன்னு சொல்ல வந்தீங்களே. எங்க ஊர்ல இருந்தே ஆரம்பிங்க. ஒண்ணு விடாம."

கவிழ்ந்து கிடந்த போன் மறுபடி அதிர்ந்து, மேஜையில் ஊர்ந்து, ஓரத்தில் போய் நின்றது. வெர்னா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வில்லோ ஃபோர்க்கின் முதல் கிணற்றிலிருந்து ஆரம்பித்தாள்.